பழைய வண்டிக்கு ஒரு புதிய இமை

இலக்கியம் பேசும் இடத்தில் லாரியின் வைப்பரைப் பற்றி எழுதுவது சில நண்பர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே ஒரு வளைவில் ஏற்பட்ட அனுபவமும், அதையொட்டி உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து கழித்த இரண்டு நாட்களும், பழையதை என்ன செய்வது என்ற கேள்வியைப் புத்தகங்கள் எழுப்பியதைவிடக் கூர்மையாக என் முன்னே வைத்துவிட்டன. அதைப் பகிர்ந்துகொள்ளவே இது.

என் மைத்துனர் ஒரு சிறு தேயிலை விவசாயி. சொந்தமாக இரண்டு ஏக்கர். அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் கொழுந்தையும் சேர்த்தேற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக ஒரு பழைய சிறிய லாரி வைத்திருக்கிறார். பறித்த இலை காத்திருக்காது. சாக்கில் அழுத்தி வைத்தால் உள்ளே சூடேறிக் கருகத் தொடங்கும். அன்றைக்கே ஆலைக்குப் போயாக வேண்டும். ஆகவே மழையோ பனிமூட்டமோ, மாலையில் வண்டி கிளம்பித்தான் தீரும்.

அன்று நானும் உடன் போயிருந்தேன். மழை என்று சொல்ல முடியாத, மூட்டம் என்றும் சொல்ல முடியாத ஒன்று கண்ணாடியில் படிந்துகொண்டிருந்தது. நீலகிரியில் வாழ்ந்தவர்களுக்கு அது தெரியும். துளியாக விழாது, வியர்வை போலப் பூக்கும். வண்டியின் வைப்பருக்கு இருந்தது ஒரே வேகம். ஓடவிட்டால் ஈரம் போதாத கண்ணாடியில் ரப்பர் கிறீச்சிட்டுக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு மெழுகலை விட்டுச் சென்றது. நிறுத்தினால் பத்து விநாடியில் உலகம் மறைந்தது. ஆகவே மைத்துனர் ஒரு கையால் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதுமாக வந்தார். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் இரண்டு கைகளும் ஸ்டியரிங்குக்குத் தேவைப்பட்டன. சுவிட்ச் அணைந்திருந்த அந்தச் சில விநாடிகளில், பள்ளி விட்டு ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்த பிள்ளைகளை நாங்கள் பார்க்கவில்லை. அவர்கள்தான் எங்களைப் பார்த்து மண்சரிவோடு ஒட்டி நின்றார்கள். ஒரு மஞ்சள் மழைக்கோட்டு பக்கவாட்டுக் கண்ணாடியை உரசியபடி கடந்துபோனதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் சொன்னார்: "வண்டில ஒரு குறையும் இல்லீங்க மாமா. பிரேக் புதுசு, டயர் புதுசு. கண்ணுதான் தெரியல."

இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது.

*

வைப்பரின் வரலாறு நம்மில் பலர் நினைப்பதைவிடச் சுவையானது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி, நியூயார்க்கில் பனிமழை பெய்த ஒரு நாளில், டிராம் ஓட்டுநர் எதிரே பார்ப்பதற்காகக் கண்ணாடியைத் திறந்துவைத்துக் குளிரில் நடுங்கியதைக் கண்டார். உள்ளிருந்தே நெம்புகோலால் இயக்கக்கூடிய ஒரு துடைப்பானுக்கு 1903இல் காப்புரிமை பெற்றார். எந்த நிறுவனமும் அதை வாங்கவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு வைப்பர் எல்லா வண்டிகளிலும் வந்தது.

அடுத்து வந்தது எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கிய வைப்பர். அந்தக் காலத்துப் பெட்ரோல் கார்கள் பலவற்றில் அது இருந்தது. அதன் குறை மலைநாட்டாருக்கென்றே செய்ததுபோல இருக்கும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த உறிஞ்சு விசை குறையும். வைப்பர் சோர்ந்து, சில வேளை நின்றேவிடும். இறக்கத்தில் காலை எடுத்தால் வெறிபிடித்ததுபோல அடிக்கும். சமவெளியில் வசித்தவர்களின் கற்பனையில் உருவான கருவி மலையேறும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மின்மோட்டார் அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் மெல்லிய தூறலுக்கும் மூட்டத்துக்கும் வழி சொன்னவர் ராபர்ட் கேர்ன்ஸ். 1953இல் தம் திருமண இரவில் ஷாம்பெய்ன் புட்டியின் தக்கை தெறித்து அவருடைய இடக்கண் பார்வை ஏறக்குறைய போயிற்று. பின்னாளில் மழையில் கார் ஓட்டிச் செல்லும்போது, கண் இமை ஓயாமல் அடிப்பதில்லையே, தேவைப்படும்போது மட்டும் ஒருமுறை அடித்து ஓய்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. டிரான்சிஸ்டர், மின்தேக்கி, மின்தடை ஆகியவற்றைக் கொண்டு, ஒருமுறை துடைத்துச் சற்றே நிற்கும் வைப்பரை 1960களில் உருவாக்கினார். கார் நிறுவனங்கள் அவரிடம் உரிமம் பெறாமலே அத்தகைய வைப்பரைப் பொருத்தத் தொடங்கின. அவர் 1978இல் ஃபோர்டு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1990இல் ஃபோர்டு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்த நீண்ட வழக்கில் எதிர்த்தரப்பு முன்வைத்த முக்கிய வாதம், உள்ளே இருக்கும் பாகங்கள் எல்லாம் ஏற்கெனவே உலகில் இருந்தவைதான், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பது. இருக்கிற பாகங்களைச் சரியாகச் சேர்ப்பதும் படைப்புத்தான் என்பது கேர்ன்ஸின் பதில். இலக்கிய வாசகர்களுக்கு இந்த வழக்கு அந்நியமானதாக இராது. நாம் பேசும் சொற்களும் ஏற்கெனவே இருந்தவைதானே.

தொல்காப்பியம் மாத்திரை என்ற கால அளவைக் கண் இமைக்கும் நேரத்தாலும் கைநொடிக்கும் நேரத்தாலும் வரையறுக்கிறது. எழுத்துக்கு அளவாக நம் முன்னோர் கொண்ட அதே இமைப்பு, ஒரு வைப்பருக்கும் அளவாக அமைந்தது எனக்கு வியப்பளித்தது.

*

இப்போது உக்கடத்துக்கு வருகிறேன். மைத்துனரின் வண்டிக்கு மூன்று வழிகள் இருந்தன. முதல் வழி, அதே ஒற்றை வேக மோட்டாரைப் புதிதாக வாங்கிப் போடுவது. அது குறையைப் புதுப்பிப்பதே ஒழியத் தீர்ப்பதாகாது. இரண்டாவது, எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் மலிவான மோட்டார் ஒன்றை வாங்கி, தகட்டை வெட்டி, துளையிட்டு மாட்டுவது. மூன்றாவதை அவருடைய மெக்கானிக் சொன்னார். அதே கம்பெனி, அதே கேபின் அமைப்பில் பின்னால் விட்ட வண்டியில் இரட்டை வேக மோட்டாரும் விட்டுவிட்டுத் துடைக்கும் ரிலேயும் வந்துவிட்டன. உடைக்கக் கொடுத்த வண்டி ஒன்றிலிருந்து அந்தத் தொகுதியை முழுதாக எடுத்துவந்தால் வேலை முடிந்தது.

"தனித்தனியா வாங்கிராதீங்க சார். குடும்பத்தோட கூட்டிட்டு வாங்க" என்றார் அவர். மோட்டார், அதைத் தாங்கும் தகடு, இரு கைகளையும் இணைக்கும் கம்பிகள், ரிலே, சுவிட்ச், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சாணாவது வயர். இந்தப் பட்டியலை நான் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன்.

உக்கடத்தின் பழைய உதிரிபாகக் கடைகளை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு குப்பைமேடு. உள்ளே போனால் அது ஒரு நூலகம். எந்த வண்டி, எந்த ஆண்டு, அந்த ஆண்டில் எந்த மாற்றம் வந்தது என்பதெல்லாம் அங்குள்ளவர்களின் நினைவில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. நான் பேசிய கடைக்காரர் மோட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்ததும் சொன்னார்: "இது இருபத்துநாலு வோல்ட் பாய், பெரிய வண்டியுது. உங்களுது பன்னெண்டு. கீழ இருக்கிறத எடுங்க." பிறகு ஒரு பாட்டரியில் வயரைத் தொட்டு ஓடவிட்டுக் காட்டினார். வேகத்தை அவர் பொருட்படுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒலியைத்தான் கேட்டார். பல்சக்கரம் தேய்ந்திருந்தால் ஒலியில் தெரியுமாம்.

அந்தச் சிறு மோட்டாரின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். நேர்எதிரே இரண்டு கார்பன் பிரஷ்கள் இருப்பது வழக்கம். இரட்டை வேக மோட்டாரில் சற்றுத் தள்ளி மூன்றாவதாக ஒன்று இருக்கும். மின்சாரம் அதன் வழியே போனால் மோட்டார் வேகமாகச் சுழலும். சுழற்சியைக் குறைத்து விசையைக் கூட்ட ஒரு திருகுப் பல்சக்கரம். அந்தச் சக்கரத்தின் மேலேயே, சுவிட்சை எங்கே அணைத்தாலும் வைப்பர் கண்ணாடியின் அடிவிளிம்புக்கு வந்த பிறகுதான் நிற்க வேண்டும் என்பதற்கான ஒரு தொடர்புத் தகடு. விட்டுவிட்டுத் துடைக்கும் ரிலே இந்தத் தகட்டை நம்பித்தான் வேலை செய்கிறது. ரிலே தருவது ஒரு தூண்டல் மட்டுமே. ஒரு முழுச் சுற்றை நிறைவு செய்து வீடு திரும்புவது மோட்டாரின் பொறுப்பு. எனவே இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துவந்து பழையதோடு ஒட்டவைத்தால், வைப்பர் கண்ணாடியின் நடுவில் நிற்கும். ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே. மெக்கானிக் குடும்பத்தோடு அழைத்துவரச் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது.

மொத்தத் தொகுதிக்கு 1,200 ரூபாய் கொடுத்தேன். இணைப்புக் கம்பிகளின் தேய்ந்த நைலான் புஷ்களையும் பிளேடுகளையும் மட்டும் புதிதாக வாங்கினோம். பொருத்துவதற்கு ஒரு பகல் ஆயிற்று. முதலில் மோட்டாரை ஓடவிட்டு, அதன் ஓய்வு நிலைக்கு வந்த பிறகே நெம்புக் கையை மாட்ட வேண்டும் என்பதில் மெக்கானிக் கண்டிப்பாக இருந்தார். பழைய துளைகளிலேயே தகடு உட்கார்ந்தது. ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை.

*

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்கு உ.வே. சாமிநாதையரின் நினைவு வந்தது. ஏடு செல்லரித்துச் சிதைந்திருந்த இடங்களைத் தம் கற்பனையால் நிரப்ப அவருக்குப் புலமை இல்லாமலா போயிற்று? அவர் அதைச் செய்யாமல், அதே நூலின் வேறொரு படி எங்காவது கிடைக்குமா என்று ஊர் ஊராக அலைந்தார். 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பும் பின்வந்தவையும் அந்த அலைச்சலின் விளைவுகள். பொருந்தாத மோட்டாரைத் தகடு வெட்டித் திணிப்பது இடைச்செருகல். அதே ஆலையில் பிறந்த இன்னொரு வண்டியிலிருந்து எடுப்பது, அதே நூலின் நல்ல படியைத் தேடிக் கண்டடைவது. இந்த ஒப்புமையை நான் அதிகம் நீட்டப் போவதில்லை. ஆனால், பழைய பொருளுக்கு உண்மையாக இருப்பதும் அதை மேம்படுத்துவதும் முரண்பட்டவை என்று எண்ணுபவர்கள் இதைச் சிந்திக்கலாம்.

'இதெல்லாம் எதற்கு, வண்டியை உடைத்துவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. அரசின் போக்கும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. 2021இல் வாகன உடைப்புக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் முதல், 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான தகுதிச் சான்றுக் கட்டணத்தை மத்திய அரசு பல மடங்கு உயர்த்தியது. 2023 ஏப்ரல் முதல், 15 ஆண்டு நிறைந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. புகை கக்கும் வண்டிகள் சாலையை விட்டுப் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பழைய டீசல் எஞ்சினின் கரியைச் சுவாசிப்பதும் இதே மலையின் பிள்ளைகள்தான். ஆனால் வயதைத் தகுதியின்மைக்கு அளவுகோலாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் முன்கண்ணாடி உள்ள வண்டிக்கு விசையால் இயங்கும், திறம்பட வேலை செய்யும் வைப்பர் வேண்டும் என்கின்றன. திறம்பட என்ற அந்தச் சொல்லை எங்கே, எந்த வானிலையில் சோதிப்பது? எஃப்.சி. எடுக்கும் நாளில், வெயிலில், சுவிட்சைப் போட்டால் கை அசைகிறதா என்று பார்ப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நீலகிரியின் மேற்கில் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மூட்டம். இங்கே ஒற்றை வேக வைப்பர் அடைமழைக்கும் போதாது, மூட்டத்துக்கும் உதவாது. அது சட்டப்படி தகுதியானது; உண்மையில் குருடு.

ஓட்டுநர்களுக்கு இது தெரியும். அதனால்தான் மழைக்காலத்தில் கண்ணாடியில் புகையிலையைத் தேய்க்கிறார்கள், உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கிறார்கள். சல்லிவன் காலத்தில் இந்த மலைக்கு வந்த உருளைக்கிழங்கு இப்படியும் பயன்படுகிறது. அந்தக் கைவைத்தியத்தை நான் கேலி செய்யவில்லை. சிறிது நேரத்துக்கு அது பலனும் தருகிறது. ஆனால் ஒரு சமூகம் தன் ஓட்டுநர்களின் பார்வையை உருளைக்கிழங்கிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

இதே மலையில் இன்னொரு பழைய வண்டியும் ஓடுகிறது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் வந்த மலை ரயில். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டப்பட்ட பல்சக்கர நீராவி எஞ்சின்களைக் குன்னூர்ப் பணிமனை பேணிவந்தது; நிலக்கரியில் ஓடியவற்றுள் சில எண்ணெயில் ஓடும்படி மாற்றப்பட்டன; பின்னர் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வகை எஞ்சின்கள் புதிதாகவும் கட்டப்பட்டன. 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. யாரும் அந்த எஞ்சின்களின் வயதைக் கேட்பதில்லை. அவை பாதுகாப்பாக ஓடுகின்றனவா என்றே கேட்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் பழைமைக்குத் தரும் மரியாதையில் ஒரு சிறு பங்கை, கொழுந்து ஏற்றும் பழைமைக்கும் தரலாம் அல்லவா?

*

என் தரப்பின் பலவீனங்களையும் சொல்லிவிட வேண்டும். பழைய உதிரிபாகச் சந்தையில் திருட்டு வண்டிகளின் பாகங்களும் கலப்பதுண்டு. ரசீது கேட்டால் சிரிப்பவர்கள் உண்டு. தவிர, எல்லாப் பாகங்களையும் இப்படி வாங்கக் கூடாது. உடைத்த வண்டியின் பிரேக்கையோ ஸ்டியரிங் இணைப்பையோ வாங்கி மாட்டுவதை நான் எதிர்ப்பேன். தேய்வு கண்ணுக்குத் தெரியாத, தவறினால் எச்சரிக்கையே தராத பாகங்கள் அவை. வைப்பர் மோட்டார் அப்படியல்ல. அதன் ஒலியும் வேகமும் முன்கூட்டியே சொல்லிவிடும். நின்றுபோனால் வண்டியை ஓரங்கட்டலாம். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உற்பத்தியாளர் அதே குடும்பத்து வண்டியில் பொருத்திய ஒரு மோட்டாரை அதே துளைகளில் மாட்டுவது அந்தத் தடையில் அடங்காது என்பதே என் புரிதல்.

பிரான்சில் இந்த வேறுபாட்டைச் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். 2017 ஜனவரி முதல், அங்கே வண்டி பழுதுபார்ப்பவர்கள் புதிய பாகத்துக்குப் பதிலாக, உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பாகத்தைப் பெறும் வாய்ப்பையும் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்; பிரேக், ஸ்டியரிங் போன்றவை அதில் சேரா. இங்கும் அதைச் செய்யலாம். பதிவுபெற்ற உடைப்பு நிலையங்கள் வண்டியை நொறுக்கும் முன் வைப்பர் தொகுதி, விளக்குகள், கண்ணாடி போன்றவற்றைத் தனியே எடுத்து, சோதித்து, எந்த வண்டியிலிருந்து வந்தது என்று சீட்டெழுதி விற்பதை வழக்கமாக்க வேண்டும். அப்போது திருட்டுப் பாகங்களின் சந்தையும் சுருங்கும். உக்கடத்துக் கடைக்காரர்களின் நினைவில் இருக்கும் அந்த நூலகத்தையும் இத்திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். அவர்களை ஒதுக்கிவிட்டு எந்தக் கணினிப் பட்டியலும் அதற்கு ஈடாகாது. மலை மாவட்டங்களில் எஃப்.சி. சோதனையின்போது, தண்ணீரைப் பீய்ச்சி, மெல்லிய ஈரத்திலும் மிகுந்த ஈரத்திலும் வைப்பர் துடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

ஐப்பசி மழையில் மீண்டும் அந்த வண்டியில் போனேன். அதே வளைவு, அதே பூத்துப்படியும் ஈரம். வைப்பர் ஒருமுறை எழுந்து துடைத்து, கீழே வந்து படுத்து, சற்றுப் பொறுத்து மறுபடி எழுந்தது. மைத்துனரின் இரு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. பிள்ளைகள் தூரத்திலேயே தெரிந்தார்கள். அவர் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடிக்காமல், அவர்கள் கடந்துபோகும்வரை காத்திருந்தார்.